கரட்டில் நான் அடுக்கிய வீடு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கணக்குத் தப்பவில்லை, மற்ற இரண்டும் நாத்தனார் பிள்ளைகள். நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம்.

திருச்சியில் கல்லூரியில் படிக்கிற என் பேத்தி போன மாதம் தோழிகளோடு கொல்லிமலைக்குப் போய் வந்தாள். அங்கே ஓடைக்கரையில் கல்மேல் கல்லாக அடுக்கி, அதைப் போட்டோ எடுத்துப் போனில் போட்டாளாம். பாதிப் பேர் கலை என்று மெச்சினார்களாம். மீதிப் பேர் காட்டை நாசம் பண்ணுகிறாய் என்று திட்டினார்களாம். "நீ என்ன சொல்ற அப்பத்தா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் அடங்குகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் ஒரு கரடு. மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும், அவ்வளவு உயரம்தான். உச்சியில் முருகன். சன்னதிக்குப் பின்னால் சரிவு முழுக்கக் கல். சொந்த வீடு இல்லாதவர்கள் ஆடிக் கிருத்திகைக்கு அங்கே போய், கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீடு வேண்டுமென்று கும்பிட்டு வருவார்கள். மூன்று கல் வைத்தால் கூரை வீடு, ஐந்து வைத்தால் ஓட்டு வீடு, அதற்கு மேலே போனால் மாடி. இந்தக் கணக்கை யார் போட்டது என்று தெரியாது. முருகன் போட்டிருக்க மாட்டான். வீடு கிடைக்கிற வரைக்கும் கல் விழக்கூடாது. விழுந்தால் வீடு இல்லை.

நாங்கள் அப்போது இருந்தது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனையில். அவருடைய மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை. அண்ணன் பேசமாட்டார். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, பேசுவார். "பெரியவனுக்குப் பொண்ணு பாக்குறோம். கல்யாணம்னு ஆயிட்டா அந்த எடத்துலதான் ரூம் எடுக்கணும். நீங்களும் ஒரு எடம் பாத்துக்கங்கடி" என்றார். எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டோம். அந்த வருஷ ஆடியில் கரட்டிலும் போய் ஐந்து கல் அடுக்கினேன்.

தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, என் அடுக்குப் போல இன்னொன்று அங்கே இல்லை. முதலில் மண்ணில் பாதி புதைந்திருந்த அகலக் கல்லைப் பெயர்த்தெடுத்து, சமன் பார்த்து உட்கார வைத்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆடுகிற இடத்தில் சில்லு கொடுத்தேன். மற்றவர்கள் அடுக்கியது காற்றுக்கே தலையாட்டும். என்னுடையதில் ஒரு குரங்கு ஏறி உட்கார்ந்து, பேன் பார்த்து முடித்து, இறங்கிப் போனது. ஒரு சில்லுகூட நகரவில்லை.

மறு வருஷம் திருச்சியிலிருந்து ஒரு டிராயிங் வாத்தியார் கேமராவோடு வந்தார். நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது என் அடுக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, இது நீங்க செஞ்சதா? இதுல ஒரு பேலன்ஸ் இருக்குங்க. இது கலை."

"அதுல எங்க வூட்டு அடுப்பங்கரை இருக்குங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"மேல் கல்ல மட்டும் லேசா திருப்பி வெச்சா வெயில் அழகா விழும்மா."

"கூரையவா திருப்பச் சொல்றீங்க?" என்றேன். அவர் திருப்பாமலே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் வனக்காவலர். அரியலூரைத் தனி மாவட்டமாக்கியிருந்த சமயம் அது. கிருத்திகைக் கூட்டத்தில் எல்லாரும் அடுக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தடியை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி வந்தார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"ஒவ்வொரு கல்லு அடியிலயும் ஒரு குடும்பம் இருக்கும்மா. தேளு, அரணை, பூரான். நீங்க வூடு கேக்குறேன்னு அதுங்க வூட்டப் புடுங்குறீங்க. மண்ணையும் பாருங்க, போன மழைக்கு எப்படி அறுத்துட்டுப் போயிருக்கு. இது காட்ட நாசம் பண்றது. அவங்கவங்க அடுக்குனத அவங்கவங்களே கலைச்சிட்டு எறங்குங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் அகலக் கல்லைப் பெயர்த்தபோது ஓர் அரணை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடியது. அப்போது அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் யாரும் அசையவில்லை. ஒரு பெண் கேட்டாள். "தன் வூட்டத் தானே இடிச்சுக்குவாங்களா சார்?"

"இது வூடு இல்லம்மா, கல்லு."

"உங்களுக்குக் கல்லு."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் இடிக்கட்டுமா?" என்றார். அதற்கும் யாரும் சம்மதிக்கவில்லை. அரசாங்கமே இடித்த வீட்டை அரசாங்கம் எப்படித் திரும்பக் கொடுக்கும்? அப்புறம் கூட்டத்தில் யாரோ ஒரு வழி சொன்னார்கள். அவள் வீட்டை இவள் இடிப்பது, இவள் வீட்டை அவள் இடிப்பது. நல்ல வழிதான். ஆனால் எந்தப் பெண்ணுக்கும் தன் வீட்டை இடிக்கிற அளவுக்கு நம்பிக்கையான ஆள் அந்தக் கூட்டத்தில் தென்படவில்லை.

என்னிடம் மட்டும் ஓரகத்தி தானாகவே வந்தார். "ஏண்டி, நான் உன்னுத இடிக்கிறேன், நீ என்னுத இடி. நமக்குள்ள முடிஞ்சிடும். வெளியாளு கை படக் கூடாது பாரு." அவர் அவ்வளவு கரிசனமாக என்னிடம் பேசியது அதற்கு முன்னால் என் கடைசிப் பிரசவத்தின்போதுதான். அவருக்கு ஓட்டு வீடு இருந்தது. மாடி வேண்டும் என்று ஏழு கல் வைத்திருந்தார்.

என் அடுக்கைப் பார்த்தேன். மனு எந்த ஆபீஸில் இருக்கிறது என்று தெரியாது. கையில் இருந்த வீடு அது ஒன்றுதான்.

"வேணாங்க்கா. நான் இடிக்கப் போறதில்ல. எறக்கப் போறேன்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

"தலச்சுமைய எறக்கி வெக்கிறதும் கீழ போடுறதும் ஒண்ணாக்கா?"

மேல் கல்லை இரண்டு கையாலும் எடுத்தேன். எந்தப் பக்கத்தில் மண்கறை இருந்ததோ அந்தப் பக்கம் தரையில் படும்படி வைத்தேன். அடுத்ததும் அப்படியே. அகலக் கல் இருந்த பள்ளம் அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் புல் முளைத்திருந்தது. கல்லை உருட்டிக்கொண்டுபோய் அதில் உட்கார வைத்து மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. "வூடு விழல முருகா. எறக்கி வெச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்று சத்தமாகவே சொன்னேன். வனக்காவலர் காதிலும் விழுந்தது. சாட்சிக்கு ஆகட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப என்னுது?" என்றார் ஓரகத்தி.

"உங்களுத என்னை இடிக்கத்தானே சொன்னீங்க?" என்று ஒரு உதை விட்டேன். மாடி உருண்டுபோய் ஒரு சப்பாத்திக்கள்ளியில் தங்கியது. வனக்காவலர், "பாத்தும்மா, கீழ ஆளு வருது" என்றார். மற்ற பெண்கள் என்னைப் பார்த்து ஒவ்வொரு கல்லாக இறக்கத் தொடங்கினார்கள்.

அதற்கப்புறம் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். மனுவுக்காக நாங்கள் ஏறுகிற பஸ்ஸையும் மாற்றிக்கொண்டோம். ஓரகத்தி மகனுக்கு வருஷக்கணக்காகப் பெண் அமையவில்லை. மாட்டேன் என்று சொன்ன அத்தனை பெண்களும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அவனுக்குப் பெண் அமைந்து நிச்சயமான வருஷம், மாவட்டம் மறுபடி பிரியப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயத்தில், எங்களுக்கு வீடு வந்தது. அண்ணன் மனைக்கு அடுத்த மனையிலேயே. ஓரகத்திக்கும் அதே வருஷம் மாடி வந்தது. இறக்கியவளுக்கும் வந்தது, உதைபட்டவருக்கும் வந்தது. ஆகவே கல்லைப் பற்றி என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

கலை என்ற வாத்தியார் சொந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவர். நாசம் என்ற வனக்காவலருக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் இருவரும் அந்தக் கரட்டில் எதையும் கேட்க வரவில்லை. பேத்தியிடம், "நீ என்ன கேட்டு அடுக்குன?" என்றேன். "சும்மாதான் அப்பத்தா" என்றாள். சும்மா அடுக்கியதை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கலாம். எடுத்த கல்லுக்குப் பள்ளம் அங்கேயேதான் இருந்திருக்கும். இவ்வளவுதான் என் பதில்.

இந்தா பாப்பா, வாசி. என் எழுத்து புரியாத இடத்தில் நீயாக எதுவும் சேர்க்காதே, என்னைக் கேள். சத்தமாகவே வாசி. உன் பெரிய அப்பத்தா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், அவர் காதிலும் விழட்டும்.