சுடலைக்கு வெளியே நிறுத்திய கார்

செத்தவீடுகளை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையாகக் காட்டுவது என் தொழில். சுன்னாகத்தில் தனியே இருக்கிறேன். அம்மா போன பிறகு பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அதனால்தான் இதைத் தொடங்கினேன். சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள்.

கமெரா பிடிப்பவர் வேறொருவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என்னை அக்கா என்பார். அவர் மோட்டார் சைக்கிளில் வருவார், நான் காரில். எங்கள் பக்கம் பெண்கள் சுடலைக்குள் போவதில்லை. அதனால் ஊர்வலம் உள்ளே போனதும் நான் வீதியோரம் காரை நிறுத்திக்கொண்டு, கமெராவுக்கு இன்டர்நெட் அறாமல் பார்த்துக்கொள்வேன். போனின் ஹொட்ஸ்பொட் சிதை வரைக்கும் எட்டாது. கைக்குள் அடங்கும் ஒரு பயண ரவுட்டர் வைத்திருக்கிறேன். என் போனைக் கேபிளால் அதனோடு இணைத்துவிட்டால் அது தூரத்துக்கும் வைஃபை கொடுக்கும்.

அன்றைக்குச் சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு கிராமம். மாசி வெயில். இறந்தவர் ஒரு தாய். ஒரே மகள் கனடாவில். அகதி வழக்கு முடியாததால் அவள் வர ஏலாது. காலையிலிருந்து வீட்டில் நேரலை ஓடியதில், சுடலைக்கு வந்து சேரும்போதே என் போனில் சார்ஜ் குறைந்திருந்தது. ரவுட்டருக்குக் காரிலிருந்து மின்சாரம் வந்தது. ரவுட்டரிலிருந்து கேபிள் வழியாகப் போனுக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் வருவதைவிடச் செலவாவது கூட. கார் எஞ்சினை ஓடவிட்டும் பார்த்தேன். போனின் பற்றரிக் கோடு சிவப்பாகிவிட்டது.

வழி ஒன்று இருந்தது. கேபிளைக் கழற்றி, போனை நேராகக் கார் சார்ஜரில் போட்டுவிட்டு, ரவுட்டரைப் போனின் வைஃபையை எடுக்கும்படி மாற்றலாம். ஆனால் அதற்கு ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போட வேண்டும். அவ்வளவு நேரமும் படம் நிற்கும். எந்த நேரத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் நான் இருக்கும்போது பேச மட்டும் வைத்திருக்கும் மற்றப் போன் அடித்தது. அந்த மகள்தான்.

"அக்கா, படம் இழுபடுது. நிக்கப்போகுதோ?"

"போனிலை சார்ஜ் முடியுது தங்கச்சி. கேபிளை மாத்த வேணும். கொஞ்ச நேரம் படம் நிக்கும், பரவாயில்லையோ?"

"ஐயோ, இப்ப வேண்டாம். அம்மாவை இறக்கினம்."

சரி என்று கேபிளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மடியில் இருந்த லப்டொப்பில் நானும் பார்த்தேன். பாடையை இறக்கினார்கள். கட்டுக்களை அவிழ்த்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். அவளுடைய மூச்சு என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. போன் எந்தக் கணமும் அணையலாம். அணைந்தால் கொள்ளி வைப்பதை அவள் பார்க்க மாட்டாள்.

முகத்துக்கு மேல் விறகு அடுக்கத் தொடங்கினார்கள்.

"அக்கா," என்றாள். "இப்ப மாத்துங்கோ. அதை என்னாலை பாக்கேலாது."

நான் கேபிளைப் பிடுங்கினேன். படம் நின்றது. அவசரத்தில் சார்ஜர் முனை போனுக்குள் உடனே போகவில்லை. ரவுட்டரின் விளக்கு அணைந்து, பிறகு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கியது. அது நிலையாக எரியும் வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை.

"அக்கா, நீங்கள் அங்கை கிட்ட நிக்கிறியளோ?"

"இல்லைப் பிள்ளை. வெளியிலை, காருக்குள்ளை."

"நானும் காருக்குள்ளைதான்." சிரிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. "இஞ்சை இன்னும் விடியேல்லை. அறையிலை கூட இருக்கிற பிள்ளையள் நித்திரை. வேலையாலை வந்து படுத்ததுகள். அதுதான் கூட வேலை செய்யிற ஒராளின்ரை கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு கீழை வந்தனான். கண்ணாடியெல்லாம் பனி மூடிக் கிடக்கு. வெளியிலை ஒண்டும் தெரியேல்லை."

"குளிருதோ?"

"ஹீற்றர் போட்டிருக்கிறன். அங்கை வெயிலே?"

"ஓம். சரியான வெயில்."

"அம்மாவுக்கு வெயில் பிடிக்காது," என்றவள் அழத் தொடங்கினாள். அடக்காமல், வாய்விட்டு. அழாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய அம்மாவின் செத்தவீட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதிலேயே எனக்கு அந்த நாள் போய்விட்டது. போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.

விளக்கு நிலைத்தது. படம் வந்தது. அவளுடைய பெரியம்மாவின் மகன் தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வந்திட்டுது அக்கா," என்றாள்.

குடம் உடைந்தது. அவன் திரும்பி நின்று பின்கையால் கொள்ளி வைத்தான். புகை முதலில், பிறகுதான் நெருப்பு. ஆண்கள் திரும்பிப் பாராமல் நடந்து என் காரைத் தாண்டிப் போனார்கள். கமெராக்காரர் கண்ணாடியில் தட்டி, "அக்கா, நிப்பாட்டட்டோ?" என்று கேட்டார். கமெரா உள்ளே முக்காலியில் நின்றது. கொஞ்சம் பொறுங்கோ என்று கையைக் காட்டினேன். அவர் வேலியோரம் போய் நின்றார்.

"அம்மா தனிய நிக்கிறா," என்றாள் அவள்.

"நான் நிக்கிறன்," என்றேன்.

நெருப்பு நன்றாகப் பிடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு அவளாகவே, "போதும் அக்கா. திறப்புக் குடுக்க வேணும், கார்க்காரருக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று வைத்துவிட்டாள். கமெராக்காரர் கமெராவை எடுத்து வந்து தந்துவிட்டு, முழுக வேண்டும் என்று அப்படியே வீட்டுக்குப் போனார். நான் தனியே சுன்னாகம் வந்து, கிணற்றில் அள்ளிக் குளித்து, சமைக்க மனமில்லாமல் பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் என்னையே கூப்பிட்டாள். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது, பேச ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காரணமில்லாமல் நானே அவளுக்கு எடுத்தேன்.

"அக்கா? ஏதும் பிரச்சினையோ?" அவள் குரலில் பயம் இருந்தது. பின்னால் பஸ் சத்தம்.

"இல்லை. சும்மா எடுத்தனான்."

"வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறன் அக்கா. பிறகு எடுக்கிறன் என்ன?"

"ஓம் ஓம், நேரம் கிடைக்கேக்கை ஆறுதலா எடுங்கோ," என்று சொல்லி வைத்தேன். பின்னேரம் முழுவதும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினேன்.