மூன்றாவது பத்து

எங்கள் சித்தி கறி வேகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்ததே இல்லை. கொதி வந்ததும் சட்டியை மூடிவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் மாதா பிரார்த்தனையும் முடியும்போது இளம் ஆட்டுத் தொடை எலும்பை விட்டு இளகியிருக்கும். பொழியூர்க் கடற்கரையில் பல வீடுகளில் இப்படித்தான். சமையலும் பக்தியும் ஒரே வேளையில் முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, சித்தப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் திரும்பவில்லை. நாற்பது நாள் தாண்டியும் உடல் கரையேறவில்லை. இறந்தோர் பூசைக்குச் சொல்லலாம் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள்.

"வரப்போறவருக்கு எதுக்கு அக்கா பூச?" என்று கேட்டாள் சித்தி. அவளைத் தனியே விடக்கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

ஞாயிறு சாயங்காலம், பாறசாலைச் சந்தையில் வாங்கிய சின்னத் தொடைத் துண்டை அடுப்பில் ஏற்றினாள். முன்பு வாங்குவதில் பாதிதான் இருக்கும். நான் வகுப்பில் கணக்குக்கு முதல் ஆள். பாதிக் கறிக்குப் பாதி ஜெபமாலை போதுமே என்றேன்.

"துண்டு சின்னதானா எலும்பு லேசில வெந்திருமா மக்கா? அஞ்சு பத்தும் வேணுமாக்கும்."

ஒவ்வொரு பத்திலும் ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லவேண்டும். முதல் பத்து சித்தியுடையது, இரண்டாவது என்னுடையது. நான் முன்பு வரும்போதெல்லாம் மூன்றாவது சித்தப்பாவுடையது. அடுக்களை வாசலில் சாய்ந்து உட்கார்ந்து சொல்வார். அன்று அந்த முறை வந்தபோது யாரும் சொல்லவில்லை. சட்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, "புனித மரியே" என்று சித்தி மறுபாதியை மட்டும் சொன்னாள். மறுபடி அமைதி, மறுபடி பதில். மணியை உருட்டி எண்ணினேன். சரியாகப் பத்து. ஏழாவதில் மட்டும் அமைதி நீண்டது. சித்தப்பா வழக்கமாக அந்த இடத்தில்தான் இருமுவார்.

கறி பதமாக வெந்திருந்தது. சித்தி மூன்று தட்டில் வைத்தாள். காலையில் மூன்று தட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

அடுத்த ஞாயிறும் அதே அளவு துண்டுதான். மூன்றாவது பத்து வந்தது. அந்த அமைதியை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியமில்லை. பயத்தில், "அருள் நிறைந்த மரியே" என்று நானே உரக்கத் தொடங்கிவிட்டேன்.

சித்தி பதில் சொல்லவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்தாள். எழுந்து போகும் ஒருவரைப் பார்ப்பதுபோல அவள் கண்கள் மெல்ல நகர்ந்து முற்றம்வரை போயின. பிறகு அவளும் எழுந்து சட்டியை இறக்கினாள்.

"இன்னும் ரெண்டு பத்து உண்டே சித்தி?"

"மதி மக்கா, போதும். வெந்தது மதி."

அன்று இரண்டு தட்டுதான் வைத்தாள். எலும்பருகே கறி சிவப்பாகவே இருந்தது. அப்படியே தின்றோம்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, "பூசைக்குச் சொல்லிரு அக்கா" என்றாள். பிள்ளை துணைக்கு இருந்ததால்தான் அவள் மனம் தேறியது என்று எல்லோரும் என்னை மெச்சினார்கள். நானும் கொஞ்ச நாள் தலைநிமிர்ந்து திரிந்தேன். சித்தப்பா ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசியது நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.