வேன்காரரின் முகத்தைப் பற்றி நான் எழுதியது

தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "பள்ளி வேனுக்கு வந்தவர். லைசென்ஸ் சரி. வேன் சுத்தம். அதட்டுகிற முகம். பிள்ளைகள் பயப்படுவார்கள். வேறு ஆள் பார்க்கலாம்."

மாசாய் நகரில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பழைய வேன்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன் என்பதால், புது ஆள் தேடும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வந்தவர் முதுகுவலியால் தொழிற்சாலை வேலையை விட்டு, இதை நம்பியே வேன் வாங்கியிருந்தார். அகன்ற தாடை, கூடிய புருவம். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அவருடைய படத்தோடு என் கருத்தைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும் லா" என்று ஒருவர் எழுதினார். மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினார்கள்.

மாசாயிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி மட்டும் சிரித்தாள். "இந்த அங்கிளா மிரட்டுவாரு? அலமாக்! பார்த்தாலே பாவமா இருக்காரு."

மறுநாள் அவர் பதில் கேட்டு வந்தார்.

"வேற ஆளுக்கு முன்னயே சொல்லிட்டோம்ண்ணே" என்று பொய் சொன்னேன்.

"மூஞ்சி பிடிக்கலையா தம்பி? நீங்க எந்த ஊரு?"

"பாலோ. எஸ்டேட்டுதான்."

"அதான் பார்த்தேன்! அந்தப் பக்கம் போனா வேலை வாங்குற மண்டோர்னு நெனச்சு எழுந்து நிக்கிறாங்க. இங்க பொண்டாட்டிகூட மதிக்க மாட்டேங்குது."

சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த வாரக் கடைசியில் பாலோவில் இருக்கும் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். "யாரு, புது மண்டோரா?" என்றார். திரும்பி வந்து பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் காட்டினேன். சாதுவான மனிதராகத் தெரிகிறாரே என்றார். கேட்காமல் ஒருவருடைய படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் தப்புதான்.

எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் தமிழர்கள். தாடையையும் புருவத்தையும் வைத்தே முகங்களைப் பிரித்தறிந்தோம். யாருக்கு அடங்கிப் போவது என்பதையும் அந்தத் தாடையிலும் புருவத்திலுமே தேடினோம். பல இனத்தவரும் நேபாளிகளும் வங்கதேசிகளும் கலந்து நடக்கும் தெருவில் வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தாடை அதே அதிகாரத்தைக் காட்டுவதில்லை போலும். இது என் ஊகம். இரண்டு மூன்று பேரைக் கேட்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஊகம் சரியாகவே இருந்தாலும், எழுதிய கை என்னுடையது.

குழுவில் என் தவறை ஒப்புக்கொண்டபோது வேறொருவரை அமர்த்தியிருந்தார்கள். நான் வேண்டாமென்ற வேன்காரரின் எண்ணுக்கு அழைத்தேன், பயன்பாட்டில் இல்லை. வேனை விற்றுவிட்டு, தெப்ராவில் ஒரு தொழிற்சாலை வாசலில் நாள் முழுக்க நின்றபடி ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்க்கிறார் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். அது அவர்தானா என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. உறுதிசெய்யப்படாத தகவலாகவே இதைப் பதிகிறேன்.