கன்னிகாவுக்கு எந்த விண்டோஸ்?

நகரி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற கோவர்த்தனனைக் கெட்டிக்காரன் என்று சொல்லாத ஆளில்லை. அதைக் கேட்டுக் கேட்டே மனுஷன் கெட்டுப்போனான். அவன் சம்சாரம் கன்னிகா அதே கடையில் இருபது வருஷம் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தவள். கீபோர்டைப் பார்க்கவே மாட்டாள். விரல் பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு வந்தவர்களோடு தமிழிலும் தெலுங்கிலும் வம்பளக்கும்.

போன தை மாசம் அந்த வாய்தான் போயிற்று. பக்கவாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்லத்தான் வழியில்லை. வலது கை விழுந்துவிட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறின மாதிரி கோடு. மகள் தரணி வாங்கித் தந்த போனில் எழுத்தைத் தேடித் தேடிச் சலித்து, தள்ளி வைத்துவிட்டாள்.

ஒருநாள் பரண் மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, மடியில் விரலைத் தட்டினாள். பாவி, எனக்கு இது தோணலையே என்று கோவர்த்தனன் அழுதே விட்டான். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் அவனுக்கு.

ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிருந்ததால் வேறொன்றை மாட்டினான். இனி எந்த விண்டோஸ் போடுவது? அவள் காலமெல்லாம் அடித்தது விண்டோஸ் தொண்ணூற்றியெட்டில். அதில் பென் டிரைவ்கூட லேசில் எடுக்காது. இவனோ ஊர் பூரா அதற்குப் பிந்தி வந்த எக்ஸ்பி போட்டுப் பேர் வாங்கினவன். பெண்டாட்டிக்கு நல்லதாகவே போடுவோமே என்று எக்ஸ்பி போட்டான். அவளுடைய பழைய தமிழ் சாப்ட்வேர் அதில் ஏறவில்லை. போனால் போகிறது என்று புதுசாக ஒன்றை ஏற்றினான். திரையில் ‘அ’ வந்தது, ‘க’ வந்தது. மெக்கானிக்குக்கு அது போதாதா? எந்தக் கீயை அமுக்கினால் எந்த எழுத்து என்று பார்க்கிற புத்தி, தமிழில் ஒரு வரி அடித்தறியாத அந்த மேதாவிக்கு எங்கிருந்து வரும்?

தலை வாரி, பொட்டு வைத்து அவளை உட்கார வைத்தான். ஒற்றை விரலால் அடித்தாள். வந்தது தமிழ் எழுத்துத்தான், ஆனால் ஒரு வார்த்தையும் தேறவில்லை. மெதுவாக அடித்தாலும் அதே குப்பை. நிதானமா அடி, அவசரமில்ல என்று இவன் வேறு பக்கத்தில் நின்னுகினு சொன்னான். நாலு நாள் இப்படியே போயிற்று. அஞ்சாம் நாள் அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். புத்தியும் போய்விட்டதாம். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை, சோறும் சரியாகத் துன்னவில்லை.

பத்து நாள் கழித்துப் பழைய சாப்ட்வேர் டப்பாவைத் திறந்தபோதுதான் உள்ளே இருந்த கீபோர்டு படம் கண்ணில் பட்டது. அந்தப் படத்திலும் புது சாப்ட்வேரிலும் எழுத்துகள் வேறு வேறு இடத்தில் இருந்தன. கோவர்த்தனன் கம்ப்யூட்டரிடம் ஓடினான். அவள் அடித்த குப்பையை ஆசையாகச் சேமித்து வைத்திருந்தான். படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மாற்றி எழுதினான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நாலு நாளும் ஒரே வரி. ‘சுகர் மாத்திரை போட்டியா?’

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அன்றைக்கே எக்ஸ்பியை அழித்துத் தொண்ணூற்றியெட்டைப் போட்டான், பழைய சாப்ட்வேரையும் ஏற்றினான். அவள் காலடியில் உட்கார்ந்தான்.

“கன்னிகா, உன் புத்தி நல்லாத்தான் இருக்குது. நான்தான் தப்பான விண்டோஸ் போட்டுட்டேன். மாத்திரை போட்டியான்னுதானே கேட்ட? போட்டுக்கினேன்.”

இருபது வருஷமாக அவள் தினம் கேட்கிற கேள்விதானே அது, யாரும் ஊகித்துச் சொல்லலாம். அவள் விரலைப் பிடித்துக் கீபோர்டில் வைக்கப் போனான். அவள் கையை மூடிக்கொண்டாள். பிறகு அந்தக் கையாலேயே அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள், தன்னைத் தேற்றப் பொய் சொல்கிறானே என்று.