வாழைத்தார் வண்டியும் கருவாட்டு வண்டியும்

என் கணவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. அவரே முதலாளி, அவரே டிரைவர். சேரன்மகாதேவிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார்.

லாரிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது ஊரையோ பேரையோ அல்ல. "என்ன லோடு?" என்றுதான் கேட்பார்கள். வாழை என்றால் ஒரு மரியாதை. காய் பழுப்பதற்குள் சந்தை சேர வேண்டும் என்பதால் வாடகையில் இழுத்தடிக்க மாட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் காக்கவைக்க மாட்டார்கள். உப்பு ஏற்றுகிறவர் பாடு வேறு. வாடகையும் குறைவு, வண்டியின் இரும்பையும் உப்பு தின்றுவிடும். மீன் லோடுக்கு வாடகை நன்றாகவே கிடைக்கும். ஆனால் அந்த டிரைவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள். என் அப்பா ஊரில் யாரிடமும் "மருமகன் டிரைவர்" என்று சொன்னதில்லை. "வாழை லோடு ஓட்டுதாரு" என்றுதான் சொல்லுவார். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

ஒரு வருடம் தாமிரபரணி பெருகி ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது வாழைத் தோட்டமெல்லாம் பாய் விரித்தாற்போலச் சரிந்து கிடந்தது. எங்கள் லாரி வாசலில் நின்றது. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அங்கே கட்டுத்தறியிலேயே மாடுகள் செத்துக் கிடக்கின்றனவாம். குழி தோண்டியாயிற்று, கொண்டுபோக வண்டிதான் இல்லை. கேட்ட லாரிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்களாம்.

இவர் சாவியை எடுத்தார். நான் அடுக்களைக்குள் கூப்பிட்டு மறித்தேன்.

"செத்த மாட்டை ஏத்துன வண்டியில பெறவு எவன் காய் ஏத்துவான்? யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அந்தத் தெருவுல பிள்ளைங்க இருக்கு. நாத்தத்துல சோறு திங்க முடியாம அழுவுதாம். நம்ம வண்டி இங்கன சும்மாதான நிக்கி."

நான் வழியை விட்டு விலகினேன்.

திரும்பி வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் கொல்லைப் பக்கம் போய்க் குளித்தார். மகள் ஓடிவந்தபோது "கிட்ட வராத" என்று தள்ளி நின்றுகொண்டார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவராகவே சொன்னார். ஒரு பசுவைக் கயிறு கட்டித் தூக்கும்போது அதை வளர்த்த அம்மா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "பைய ஏத்துங்கய்யா, அது சினையா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாராம். இவரும் அங்கே வந்திருந்த துப்புரவு ஆட்களோடு சேர்ந்து கைகொடுத்து, அதை இடிக்காமல் ஏற்றியிருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பிறகு லாரியைப் பினாயில் ஊற்றிக் கழுவினார், சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தார், அடிப்பலகையைக்கூட மாற்றினார். மேட்டுத் தோட்டங்களில் தப்பிய வாழை வெட்டுக்கு வந்ததும், வழக்கமாக லோடு கொடுக்கும் வாழைக் கமிஷன் கடைக்குப் போனார். அன்று நானும் கூட இருந்தேன். கடைக்கார அண்ணாச்சி எங்களை உட்காரவைத்துக் காப்பி வாங்கித் தந்தார். ஆனால் தார்கள் வேறொரு லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல. காய் வாங்குதவன் காதுக்குப் போச்சுன்னா சரக்கை இறக்க மாட்டான். நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே இன்னும் வலித்தது. மற்ற டிரைவர்கள் எங்கள் லாரிக்குப் "பொண வண்டி" என்று பேர் வைத்துவிட்டார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்து, வீட்டில் யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்வார்.

ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு அம்மா போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.

"வெள்ளத்துல மாடு ஏத்துனாரே, அந்தத் தம்பி வீடுதானம்மா? எனக்கு ஒரு வண்டி வேணும். கருவாடுன்னதும் எல்லாவனும் மூஞ்சியச் சுளிக்கான். ஒங்க வீட்டுக்காரர் சுளிக்க மாட்டாருன்னு தோணுச்சு."

அவர் சொன்ன வாடகை வாழைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல். பலரும் வேண்டாம் என்று ஒதுக்குகிற சரக்குக்குப் போட்டி இல்லை. அதனால்தான் அந்த விலை. இவர் தயங்கினார். "ஒங்க அப்பா என்ன நெனைப்பாரு?" என்றார். "அப்பாவா வந்து டயர் மாத்தித் தரப் போறாரு? போயிட்டு வாங்க" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

அதன்பிறகு வீட்டில் தட்டுப்பாடு குறைந்தது. லாரிக்கு நல்ல டயர் போட்டோம். அந்தக் கருவாட்டு அம்மா வீட்டில் இவரைச் சாப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் என் அப்பா, மருமகன் என்ன லோடு ஓட்டுகிறார் என்று யாரிடமும் சொல்லுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கேலி செய்ததாக மகள் அழுதுகொண்டு வந்தாள். "கருவாட்டு வாசனைதான் ஒனக்குப் புத்தகம் வாங்கித் தருது" என்று நான் அதட்டினேன். அவள் அழுகை அதிகமாயிற்று. இவர்தான் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சமாதானப்படுத்தினார்.

போன ஓணத்துக்கு முன்னால் வாழைக்கு லாரி கிடைக்காமல் கமிஷன் கடை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்தார். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. இன்னைக்கே காய் ஏறணும்" என்றார்.

"மனசுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அந்த அம்மாகிட்ட இன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டேன். யாரும் கூப்பிடாதப்ப கூப்பிட்டவங்க" என்றார் இவர். பிறகு தனக்குத் தெரிந்த வேறொரு லாரிக்காரருக்குப் போன் போட்டு, வாழைக்கு ஏற்பாடு செய்தும் கொடுத்தார்.

அண்ணாச்சி போனதும், "ஒரு நடை வாழை ஏத்தியிருக்கலாம்லா?" என்று கேட்டேன். இலையும் தாருமாக எங்கள் லாரி தெருவில் திரும்புவதை ஒரு முறை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் ஆசைதான்" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை மடிக்கப் போனார்.