அரை விரல்

டயரைக் கையில் வாங்கியதும் அதில் அச்சடித்திருக்கும் எண்ணை தர்மன் பார்க்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து முறுக்கிய பட்டு நூல் ஒன்றை எடுப்பார். எதிர்வீட்டுத் தறியில் மிஞ்சியது, அரக்கு நிறம். நுனியைக் கட்டைவிரலால் டயர்மேல் அழுத்திப் பிடித்து, மறுகையால் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, நூல் நுனியைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து இறுக்குவார். எண் சொல்வது பிறந்தபோது இருந்த அளவு, நூல் சொல்வதுதான் இன்றைய அளவு என்பது அவர் கட்சி.

முசரவாக்கத்துக்காரர். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் டயர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தில், தென்னேரி ரைஸ் மில் முதலாளி கோதண்டபாணி, ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தர்மா, யானைக்கால் மாதிரி டயர் மாட்டணும்பா. வாலாஜாபாத் ரோட்ல எந்த அம்பாசிடரும் எனக்கு முன்னால போவக் கூடாது."

"பெருசு போட்டா ஓட்டம் ஏறும் மொதலாளி. இழுவை செத்துடும். வளைக்கிறப்ப வேற உரசும். உங்களுக்கு ஓட்டம் வேணுமா, சேத்துல ஏறணுமா?"

"ரெண்டும்தான் வேணும். பொண்டாட்டியும் வேணும், நிம்மதியும் வேணும்னு நீ கேக்கலியா?"

தர்மன் சிரிக்கவில்லை. அவர் நினைவு தென்னேரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை தேவகிமேல் போய்விட்டது. அவளுடைய தலைப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் மாட்டுவண்டியிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நாள் ஐப்பசியில். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கல் ரோட்டின்மேல் வழிந்தால் பஸ் நின்றுவிடும்.

"கூலி வேணாம் மொதலாளி. தங்கச்சிக்கு வலி எடுத்தா இந்த ஜீப்புல ஏத்திக்கினு வரணும். அது போதும்."

"இதென்னப்பா பெரிய விஷயம்! ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி வுடறேன்."

அதற்குப் பிறகு அவர் டயர் தேடியது கோதண்டபாணிக்காக அல்ல. ஏழு-பதினாறு அளவு வேண்டாம், வண்டி உயர்ந்து கலங்கல் சரிவில் ஆடும். பழைய ஆறு-பதினாறு போதாது, சேற்றில் அமிழும். ஆறரை-பதினாறு, ஆழமான பட்டை போட்டது, அதுதான் சரி. புதிது இரண்டுதான் கிடைத்தது. மற்ற இரண்டும் தேய்ந்த டயரில் மறுபட்டை ஒட்டியவை. நூலைச் சுற்றிப் பார்த்தார். புதியதன் முடிச்சுக்கும் பழையதன் முடிச்சுக்கும் நடுவே அரை விரல் இடைவெளி.

அந்த அரை விரலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு புதுசு வர்ற வரைக்கும் தார் ரோட்ல, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர் வீல் லிவரைத் தொடாதீங்க. சேத்துல மட்டும் போடுங்க. நாலும் ஒரே உசரம் இல்லன்னா, முன்சக்கரம் ஒரு கணக்கு, பின்சக்கரம் ஒரு கணக்கு சொல்லும். உள்ள இருக்கிற பல்லுங்க மல்லுக்கட்டிக்கினு பூட்டிக்கும்."

"சரிப்பா, ரோட்டை மறைக்காத, நகரு."

புதிய டயர் வரவில்லை. மழை வந்தது. ஐப்பசியில் ஒரு விடியலில் தேவகிக்கு வலி எடுத்தது. சொன்னபடியே ஜீப் வந்தது. கலங்கலுக்கு இப்பால் சரிவில் ஏறும்போது பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தமக்குத் தாமே குழி தோண்டிக்கொண்டன. ஊரே தள்ளியும் வண்டி அசையவில்லை. கடைசியில் அதே மாட்டுவண்டிதான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. தேவகி பிழைத்தாள். குழந்தை அழவேயில்லை.

வராந்தாவில் ஈரம் சொட்ட நின்ற கோதண்டபாணி, தர்மனைத் தூணோரம் இழுத்தார்.

"நீ சொன்ன மாதிரியே ஆயிட்ச்சிப்பா. பதட்டத்துல தார்லயே லிவரைப் போட்டுட்டேன். பூட்டிக்கிச்சு. உள்ள என்னமோ மடார்னு ஒடஞ்சது. எல்லாம் அந்த அரை விரல்தான்."

தர்மன் தலையை மட்டும் ஆட்டினார். தன் வாயிலிருந்து புறப்பட்ட சொற்கள் வேறொரு வாய் வழியாகத் திரும்பி வந்தபோது, அவற்றில் சந்தேகப்பட அவருக்கு ஒன்றுமே இல்லை.

உள்ளே தேவகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நீ என்னண்ணா பண்ணுவ, போய்ச் சாப்பிடு போ" என்றாள். அவள் திட்டியிருந்தாலாவது தேவலை.

பட்டு நூலைக் கொட்டகை வாசல் சாக்கடையில் போட்டார். அது நனைந்து, சற்று நேரம் நெளிந்து, போய்விட்டது. அதன்பின் நாலு சக்கர வண்டி எதையும் அவர் தொடவில்லை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டார். பொங்கல் சீரைத் தென்னேரிக்கு யார் கையிலாவது கொடுத்தனுப்பினார். அந்தச் சரிவைத் தாண்ட அவரால் முடியவில்லை. அண்ணன் கோபமாயிருக்கிறார் என்று தேவகி நினைத்துக்கொண்டாள். அவளும் கேட்கவில்லை. இப்படியே ஐந்து பொங்கல் போயின. ஆறாவது பொங்கலுக்கு அவர் இல்லை. காமாலை.

காரியத்துக்கு வந்திருந்தவர்களில் மெக்கானிக் உமாபதியும் ஒருவர். பேச்சு அந்த ஜீப் பூட்டிக்கொண்டதைப் பற்றி வந்ததும் அவர் தேவகியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"பூட்டிக்கிச்சா? எப்படிம்மா பூட்டிக்கும்? பெட்ரோல் குடிக்குது, ஓட்டம் கனமா இருக்குதுன்னு மொதலாளி சொல்லி, முன்சக்கரத்துக்குப் போற ஷாஃப்டை நானே கழட்டி எடுத்துட்டேனே. புரட்டாசியிலேயே. லிவரைப் போட்டாலும் முன்சக்கரம் சும்மாதான் உருளும். சேத்துல இழுக்கவும் இழுக்காது, தார்ல பூட்டிக்கவும் பூட்டிக்காது."



அந்த ஷாஃப்ட், அன்று விடியலில் ஜீப் தென்னேரியிலிருந்து புறப்பட்டபோது, மில்லின் உமிக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.