தம்பியின் பெயரில் ஒரு தானம்

லண்டனில் சங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு தலைவி, ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், கோபித்துக்கொண்டு போன ஒருத்தி என்று நான்கு பேர் கட்டாயம் இருப்பார்கள். லண்டனின் தெற்கே சட்டனுக்குப் பக்கத்துப் புத்த விகாரையின் மகளிர் சங்கத்திலும் இருந்தார்கள். பிரசாந்தினி இந்த நால்வரிலும் சேர்த்தியில்லை. அவள் மீன் பொரிப்பவள்.

யாழ்ப்பாணத்துச் சைவக்காரிக்குச் சிங்களப் பெண்களின் விகாரையில் என்ன வேலை என்று பலரும் கேட்டார்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் காண்கிறவர்கள் அவளை விட்டுவிட்டு அவள் கணவன் தியாகராஜாவைப் பிடித்து விசாரித்தார்கள். விஷயம் சின்னது. முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்யும் சோமலதா, கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்து தமிழும் நன்றாகப் பேசுபவள், ஒரு ஞாயிறு மரக்கறி வெட்ட ஆள் போதாமல் கூப்பிட்டாள். போனாள். அங்கே வெங்காயம் உரிக்கும்போது ஒருத்தியும் "ஊரிலை எந்த இடம், பிள்ளையள் என்ன படிக்கினம்" என்று தோண்டவில்லை. அந்த நிம்மதிக்காகவே அடுத்த ஞாயிறும் போனாள்.

கோயில் அடுப்பில் மீனா என்று முதலில் அவள் விலகி நின்றாள். பிக்குகள் கொடுப்பதை உண்பவர்கள், மீன் கொடுத்தாலும் உண்பார்கள் என்று சோமலதா சொல்லிப் பார்த்தாள். சொல்லியபடியே மீனைக் கருக்கினாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பிரசாந்தினி பொரிக்கும் தாச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பொரியல் அவள் கையில்தான். ஆனால் ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டாள். உப்புப் பார்ப்பது சோமலதா.

காரணம் ஒரு நேர்த்திக்கடன். அவளுடைய தம்பி நிசாந்தன் போரின் கடைசி மாதத்தில் காணாமல் போனவன். மீன் என்றால் உயிரை விடுகிறவன். அவன் வந்து சேரும்வரை மீனைத் தொடுவதில்லை என்று அம்மாவும் அவளும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அம்மா இன்னும் ஊரில் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு காணாமல் போனவர்களின் மற்றத் தாய்மாரோடு, பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் குந்தியிருக்கிறாள். அவன் இறந்துவிட்டான் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதை முதலில் சொல்பவளாகத் தான் இருப்பதா என்ற பயம் பிரசாந்தினிக்கு.

சங்கத்தில் மாதம் ஒருத்தியின் முறை. முறைக்காரி தன் வீட்டில் இறந்த ஒருவரின் பெயரில் பிக்குகளுக்கு உணவு தானம் கொடுப்பாள். கொடுத்த புண்ணியம் அவருக்குப் போய்ச் சேரட்டும் என்று நீர் வார்ப்பாள். பிரசாந்தினியின் முறையைக் கேட்டால், "எனக்கு ஆளில்லை அக்கா" என்று பாத்திரம் கழுவப் போய்விடுவாள். சோமலதாவுக்குத் தம்பியின் கதை தெரியும். வற்புறுத்தமாட்டாள்.

போன மாசி மாதத்து ஞாயிறு, முறைக்காரியின் மகளுக்கு வலி கண்டது. தகப்பனின் பெயரில் தானம் கொடுக்க அறக்குளா மீன் வாங்கிவைத்திருந்தவள், தானத்தை இன்னொரு நாள் கொடுக்கிறேன் என்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மீன் பொரிந்துவிட்டது, சோறு இறங்கிவிட்டது. மதியத்துக்குப் பிறகு பிக்குகள் சாப்பிடுவதில்லை.

"பேர் இல்லாட்டிப் பரவாயில்லை நங்கி. எல்லா உயிருக்கும் எண்டு குடுப்பம்," என்றாள் சோமலதா. நங்கி என்றால் தங்கச்சி.

பிரசாந்தினி தட்டிலிருந்த அறக்குளாவைப் பார்த்தாள். ஓரம் மொறுமொறுவென்று, அவன் கேட்கிற பதத்தில் இருந்தது. இத்தனை காலமும் யார் யாருடைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பொரித்திருக்கிறாள். பொரிக்கத் தெரிந்தவளுக்குச் சொந்தமாக ஒருவன் இருந்தும் அவனைப் பட்டினி போட்டுவிட்டாளே.

"ஒரு பேர் இருக்கு அக்கா. நிசாந்தன்," என்றாள்.

பெரிய பிக்கு சிங்களத்தில் ஏதோ கேட்டார். "எப்ப தவறினவர் எண்டு ஹாமுதுரு கேக்கிறார்," என்று சோமலதா தணிந்த குரலில் சொன்னாள்.

"நாள் தெரியாது. ரெண்டாயிரத்து ஒன்பதிலை."

அந்த அறையிலிருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்த ஆண்டு தெரியும். சிலருக்கு அது போரை வென்றோம் என்று வெடி கொளுத்திய ஆண்டு. ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், ஒருத்தி நிலத்தைப் பார்த்தாள். பிக்கு நிசாந்தன் என்ற பெயரைச் சற்றே பிசகாகச் சொல்லி ஓதத் தொடங்கினார். செம்பிலிருந்து பிரசாந்தினி நீரை வார்த்தாள். கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்தது. வழியவேண்டும் என்பதுதான் முறை.

பிக்குகள் உண்டு எழுந்த பிறகு பெண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். சோமலதா வழக்கம்போல மீன் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஒண்டு வையுங்கோ," என்றாள் பிரசாந்தினி.

மீன் ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முள்ளு வரைக்கும் தின்று முடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அழைப்பு வந்தது. வீடியோவில் நெற்றியும் கூரையும்தான் தெரிந்தன. அம்மாவுக்கு எப்போதும் போனைப் பிடிக்கத் தெரியாது.

"என்ன பிள்ளை, சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா. விகாரையிலை."

"என்ன சாப்பிட்டனீ?"

பருப்பு என்று சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருப்பாள். நாளைக்கும் படத்தைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போயிருப்பாள்.

"மீன்," என்றாள் பிரசாந்தினி.

கூரையில் மின்விசிறி சுற்றியது. 

"என்ன மீன்?" என்று அம்மா கேட்டாள்.

"அறக்குளா."

"குழம்போ, பொரியலோ?"

"பொரியல் அம்மா."

"அவன் குழம்பிலை போட்டால் தொடமாட்டான்," என்றாள் அம்மா. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். காணாமல் போனவனுக்காக அவள் இதுவரை சத்தம் போட்டிருக்கிறாள், சாபம் போட்டிருக்கிறாள். செத்த வீட்டில் அழுவதுபோல அழுதது அன்றுதான்.